மாங்குளத்து ஒற்றை வரி: பழைய வரலாற்றைப் பாறை முன்னே நின்று சொல்வது எப்படி

மதுரையிலிருந்து மேலூர் போகும் திசையில், மீனாட்சிபுரத்தை ஒட்டி ஓவாமலை இருக்கிறது. கழுகுமலை என்றும் சொல்வார்கள். அதன் குகைத்தளங்களில் கற்படுக்கைகளும், தமிழை எழுதிய பழைய எழுத்தான தமிழ் பிராமியில் ஆறு கல்வெட்டுகளும் உள்ளன. நூல்களில் இவற்றுக்கு மாங்குளம் கல்வெட்டுகள் என்று பெயர். கல்வெட்டு, தொல்லியல் எதுவும் படித்திராத இருபது பேரை இங்கே அழைத்து வந்து, அரை நாளில் அவர்களுக்குப் பழைய வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று காட்ட முடியும். அதற்கான வழிமுறை இது. சித்தன்னவாசலுக்கோ புகளூருக்கோ போகிறவர்களும் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு கல்வெட்டுகளையும் சொல்ல நினைக்காதீர்கள். கற்படுக்கை, சமணம், பாண்டியர், வணிகம், எழுத்து வரலாறு என்று எல்லாவற்றையும் ஒரே காலையில் கொட்டினால், கீழே இறங்கும்போது கேட்டவர் மனதில் 'ரொம்பப் பழசு' என்பது மட்டும்தான் தங்கும். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

கணிய் நந்தஅஸிரிய்இ குவ்அன்கே தம்மம் இத்தாஅ நெடுஞ்சழியன் பணஅன் கடல்அன் வழுத்திய் கொட்டுபித்தஅ பளிஇய்

கணி நந்தாசிரியன் குவன் என்ற துறவிக்கு அறமாக, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி வெட்டுவித்துக் கொடுத்த பள்ளி. இவ்வளவுதான் செய்தி. இதில் ஒரு பாண்டியன் பெயர், ஓர் அதிகாரி, ஒரு துறவி, ஒரு கொடை, இன்றும் நம் வாயில் இருக்கும் ஒரு சொல் எல்லாம் இருக்கின்றன. வந்தவர்கள் இந்த ஒரு வரியைத் தாங்களே எழுத்துக் கூட்டிப் படித்து, அது எப்படித் தெரிந்தது, எதுவரை தெரிந்தது என்று புரிந்துகொண்டு போனால் அந்தக் காலைப்பொழுது வீணில்லை.

முன்னோட்டம்

அழைத்துப் போகும் நாளுக்கு இரண்டு வாரத்துக்குள், அதே நேரத்தில், ஒருமுறை தனியாக ஏறிப் பாருங்கள். நேரம் முக்கியம். ஆழமில்லாத எழுத்து, வெளிச்சம் நேராக விழுந்தால் மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்வாக, பாறையை வருடிக்கொண்டு வெளிச்சம் போனால்தான் வெட்டின் ஒரு கரையில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். எந்த மணிக்கு எந்தக் குகை முகப்பில் அந்தச் சாய்வு வெளிச்சம் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் எட்டாத முகப்புக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஓரடிக்கு ஓரடிக் கண்ணாடியை வெயிலில் பிடித்து ஒளியைப் பாறை மேல் பக்கவாட்டில் வீசினால் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுத்தைப் பார்க்கும். சட்டமில்லாத கண்ணாடி கையைக் கிழிக்கும். சட்டம் போட்டதையே கொண்டுபோங்கள். யார் கண்ணிலும் ஒளி படாமல் பிடிப்பதற்கு ஒருவரைப் பழக்கி வையுங்கள். எழுத்துகள் குகை நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய காடியை ஒட்டி, தலைக்கு மேலே இருப்பதால் இரண்டு பைனாகுலராவது வேண்டும்.

முன்னோட்டத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது தேன்கூடு. பாறைத் தொங்கலில் மலைத்தேனீ கூடு கட்டும். புதிய கூடு இருந்தால் அந்தக் குகையை விட்டுவிடுங்கள், அதில்தான் உங்கள் வரி இருந்தாலும். செண்டு பூசிவர வேண்டாம், புகைக்க வேண்டாம், கத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் அனுப்புங்கள். ஒலிபெருக்கியும் ட்ரோனும் வேண்டவே வேண்டாம். தேனீக்காக மட்டுமில்லை. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சேர்ந்த இந்தப் பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இந்தக் குன்றுகளில் கழுகு, வல்லூறு வகைகள் வாழ்கின்றன.

எந்தத் துறையின் பாதுகாப்புப் பலகை இருக்கிறதோ அந்தத் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். மலை மேல் செருப்புப் போடக் கூடாத இடம், கும்பிடும் இடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை பெய்த மறுநாள் பாசிப் பாறை வழுக்கும், தள்ளிப்போடுங்கள். சித்திரை, வைகாசியில் போவதென்றால் ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு. இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். குகை முன்னால் அதற்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது, எழுத்தும் தெரியாது. முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் நீங்கள். ஏறும் நேரத்தைக் கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரை வைத்துக் கணக்கிடுங்கள்.

அடிவாரத்தில் கயிறு

கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று வாயால் சொன்னால் யாருக்கும் எதுவும் உறைக்காது. முப்பது மீட்டர் நூல்கயிறு ஒன்று வாங்குங்கள். ஒரு மீட்டர் நூறு ஆண்டு, ஒரு சென்டிமீட்டர் ஓர் ஆண்டு. கயிற்றின் நுனி 2025 என்றால் 78 சென்டிமீட்டரில் இந்திய விடுதலை. 10 மீட்டர் 15 சென்டிமீட்டரில் தஞ்சைப் பெரிய கோயில் முடிந்த 1010. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் மாங்குளம் கல்வெட்டுகளுக்குக் கொடுத்த காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு, அதாவது கி.மு. 200 முதல் 101 வரை. அது கயிற்றில் ஏறக்குறைய 21.25 மீட்டரிலிருந்து 22.25 மீட்டர் வரை வரும்.

இந்த இடத்தில் முடிச்சுப் போடாதீர்கள். ஒரு மீட்டர் நீளச் சிவப்புத் துணியைச் சுற்றுங்கள். பெரிய கோயிலுக்கு முடிச்சு, மாங்குளத்துக்குத் துணி, ஏன் என்று கேளுங்கள். கோயிலில் இராசராசனின் ஆட்சியாண்டு வெட்டப்பட்டிருக்கிறது. இங்கே ஆண்டு எதுவும் இல்லை, எழுத்தின் வடிவத்தையும் எழுதும் முறையையும் வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள் என்று அப்போது சொல்லுங்கள். வடிவம் ஒரே நாளில் மாறுவதில்லை, அதனால் துணி நீளமாக இருக்கிறது. அறிஞர்களிடையே இந்தத் துணியை இப்படியும் அப்படியும் நகர்த்துவோர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துல்லியத்தின் அளவைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் பிறகு 'சரியாக எந்த வருடம்' என்று கேட்பதில்லை.

கயிற்றில் இன்னொன்றும் தெரியும். இராசராசன் அந்தத் துணியிலிருந்து பதினோரு மீட்டருக்கு அப்பால் நிற்கிறான், நம்மிடமிருந்து பத்து மீட்டரில். 'அந்தக் காலம்' என்று ஒரே கூடையில் நாம் போடும் இரண்டு காலங்களுக்கு நடுவில் எவ்வளவு இடம் கிடக்கிறது என்பதைக் கூட்டம் தானாகவே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

கயிற்றை விரித்ததும் கீழடி எங்கே என்ற கேள்வி கட்டாயம் வரும். தயாராக இருங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்றும், 200 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 205 என்றும் வந்தன. முதலாவது ஏறக்குறைய 26 மீட்டரில் விழும். கரிமக் கணிப்பு அந்த ஆழத்தில் கிடைத்த கரிப்பொருளின் வயதைச் சொல்கிறது. அதே குழியில் கிடைத்த பானை ஓட்டின் வயதை நேரடியாகச் சொல்வதில்லை. ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில் கலையாமல் கிடந்தனவா என்பதைப் பொறுத்தது அது. தவிர, கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கரிமக் கணிப்பின் அளவை ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. அந்தக் காலத்துக் கரி எதைச் சோதித்தாலும் விடை அகன்றுதான் வரும். ஆகவே 580க்கும் முடிச்சில்லை, நீளமான துணிதான். இதைச் சொல்வதால் கீழடியின் பெருமை ஒரு முழமும் குறையாது. சொல்லாமல் விட்டு, பிறகு வேறொருவர் வாயிலிருந்து கேட்டால்தான் நீங்கள் சொன்ன மற்றதையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

எழுத்து

ஏறுவதற்கு முன் பதினைந்து நிமிடம் எழுத்துக்குக் கொடுங்கள். முழு நெடுங்கணக்கை அச்சடித்துக் கையில் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். ஒரு சொல்லுக்கு வேண்டிய எழுத்துகள் மட்டும், உள்ளங்கை அகல அட்டைகளில், கறுப்பு மையில் தடிமனாக. அந்தச் சொல் 'பளிஇய்'. ப, இடக்கை உயர்ந்த கொக்கி மாதிரி இருக்கும். ய, மூன்று கூர் கொண்ட நங்கூரம் மாதிரி. கூடவே விளையாட்டுக்கு இரண்டு எழுத்து: க என்பது கூட்டல் குறி, ந என்பது தலைகீழான ஆங்கில T, அதாவது படுத்த கோட்டின் மேல் நிற்கும் ஒரு கோடு. நான்கு எழுத்துத் தெரிந்தவுடன் ஏதோ பூட்டுத் திறந்த மாதிரி முகங்கள் மாறும்.

இங்கே ஒரு சிக்கல் வரும், ஒளிக்க வேண்டாம். புள்ளி இல்லை. மெய் எது, அகரம் ஏறிய மெய் எது? மாங்குளத்து முறையில் குறி எதுவுமில்லாத எழுத்து மெய். மற்றப் பிராமியில் ஆகாரத்தைக் காட்டும் சிறு கோட்டை இங்கே அகரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். வடக்கத்திப் பிராமி விதியோடு வந்து படித்தால் 'காணிய' என்று வரும்; இந்த முறையில் 'கணிய்'. ஒற்று இரட்டிப்பதையும் இரண்டாக எழுதவில்லை, அதனால்தான் பள்ளி 'பளி'யாகிவிட்டது.

இதிலிருந்தே வாசிப்பின் கதைக்குப் போய்விடலாம். 1882இல் ராபர்ட் சீவல் இந்தக் கல்வெட்டுகளைக் கண்டு பதிவுசெய்தார். மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டியது 1924இல். அசோகன் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன எழுத்துகளை அவர் அடையாளம் கண்டதால்தான் அது முடிந்தது. நெடுஞ்செழியன் என்ற பெயரை ஐராவதம் மகாதேவன் தெளிவாக வாசித்தது 1965இல். கண்டதற்கும் பெயரைப் படித்ததற்கும் நடுவில் எண்பத்து மூன்று ஆண்டு. கூட்டத்தில் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் போடச் சொல்லுங்கள். படித்தறிந்தவர்களே பல்லாண்டு தடுமாறிய எழுத்து என்று தெரிந்தால், தனக்குப் புரியவில்லை என்ற கூச்சம் போய்விடும்.

மைப்படி

கல்வெட்டை எப்படிப் பிரதி எடுக்கிறார்கள் என்று காட்டாமல் விடாதீர்கள். ஆனால் பாறையில் காட்டாதீர்கள். அதற்குத் துறையின் அனுமதியும் தேர்ந்த கையும் வேண்டும். பெயர்ப்பலகை வெட்டும் கல் பட்டறையில் ஓரடிச் சதுரக் கருங்கல் துண்டில் அதே 'பளிஇய்' என்ற சொல்லை அரை விரல் ஆழத்துக்குள் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மெருகேற்றாத முகம்தான் நன்றாக வரும்.

கல்லைத் தூரிகையால் துடைத்து நனையுங்கள். மேப்லித்தோ தாளைத் தண்ணீரில் நனைத்து, சொட்டு வடியவிட்டு, கல்மேல் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒட்டுங்கள். காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. அடர்த்தியான மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டத் தட்டத் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கிழியும். பளபளப்பு மறைந்து தாள் மங்கும்வரை பொறுத்திருங்கள். பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டிய பந்தில் மையைத் தொட்டு, முதலில் பழைய செய்தித்தாளில் நாலு ஒற்று ஒற்றிவிட்டு, பிறகு தாளில் ஒற்றுங்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். தாள் ஈரமாக இருக்கும்போதே மை வைத்தால் பரவி எழுத்தின் கரை கலங்கிவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பி, கோடு இரட்டையாக விழும். பந்தில் மை அதிகமானால் பள்ளமும் கறுத்துப்போகும். மூன்றையும் வேண்டுமென்றே ஒவ்வொரு தாளில் செய்து காட்டலாம். ஒரு மைப்படியை வைத்து இரண்டு அறிஞர் இரண்டு விதமாக ஏன் படிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

பாறை முன்னால்

மேலே போனதும் முதல் ஐந்து நிமிடம் பேசாதீர்கள். கற்படுக்கை, தலைமாட்டில் விட்டிருக்கும் மேடு, காடி, எழுத்து எல்லாவற்றையும் அவர்களே தேடட்டும். எழுத்தைக் கண்டுபிடித்தவர் கைநீட்டிக் காட்டலாம், தொடக் கூடாது. சுண்ணக்கட்டி, மஞ்சள், எண்ணெய் எதுவும் எழுத்தில் பூசக் கூடாது. படம் நன்றாக வரும் என்று சுண்ணத்தால் வரைந்துவிட்டவர்கள் செய்த கேடு பல மலைகளில் இருக்கிறது. கோட்டைத் தவறாகப் பின்பற்றி வரைந்தால், அடுத்து வருபவர் கல்லைப் பார்க்காமல் சுண்ணத்தைத்தான் படிப்பார். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சிதைத்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

பிறகு கண்ணாடி ஒளி. ஒருவர் ஓர் எழுத்தாகப் படிக்க, நீங்கள் ஏ3 அளவில் அச்சிட்ட கோட்டுப்படியில், அதாவது கல்லெழுத்தைக் கோடாக வரைந்த படியில், விரல் வைத்துக் காட்டுங்கள். 'பளிஇய்' வந்தவுடன் நிறுத்தி, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், பள்ளியறை, பள்ளியெழுச்சி என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கேளுங்கள். படுக்கும் இடம், தங்கும் இடம், துறவி இருக்கும் இடம், கற்கும் இடம் என்று ஒரு சொல் நடந்துவந்த வழி அவர்கள் கண்முன் விரியும். கையருகே படுக்கையும் இருக்கிறது. இந்தக் காலைப்பொழுதிலேயே வளமான நேரம் இதுதான். பத்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை.

'தம்மம்' என்ற சொல்லில் அரை நிமிடம் நில்லுங்கள். அது பாகதச் சொல், அதாவது பிராகிருதம். 'ஸி' என்ற எழுத்தும் வடக்கிலிருந்து வந்தது. தமிழ் வரிக்குள் துறவியோடு வந்த சொல்லும் எழுத்தும் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று காட்டினால் போதும், மொழிச் சண்டைக்குள் போக வேண்டாம்.

கேள்விகள்

"இந்த நெடுஞ்செழியன்தான் சிலப்பதிகாரத்து நெடுஞ்செழியனா?" ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். ஆம் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். பாண்டியரில் இந்தப் பெயர் பலருக்கு இருந்தது. சங்கப் பாடல்களிலேயே ஆரியப்படை கடந்தவனும் தலையாலங்கானத்துச் செருவென்றவனும் வேறுவேறு ஆட்கள். கல்வெட்டு அடைமொழி எதுவும் தரவில்லை. 'இந்தப் பெயர் பாண்டியரிடம் அந்தக் காலத்திலேயே இருந்தது என்பதற்குக் கல் சாட்சி. ஆள் யார் என்று கல் சொல்லவில்லை' என்று பதில் சொல்லுங்கள்.

"இது பஞ்சபாண்டவர் படுத்த இடம்தானே?" இந்த வகைக் குகைத்தளங்களுக்கு ஊர்மக்கள் பல இடங்களில் வழங்கும் பெயர் அது. கேட்டவர் உள்ளூர்க்காரராக இருந்தால் முதலில் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். படுக்கை என்று சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறார்கள், படுத்தவர் யார் என்பதைக் கல்லில் வேறு பெயர் சொல்கிறது, அவ்வளவே வேறுபாடு. சிரித்து ஒதுக்கினால் ஊரை இழப்பீர்கள். ஊரை இழந்தால் மலையைக் காக்க ஆளில்லை.

"சமணர்களைக் கழுவேற்றியது உண்மையா?" குரல் உயரக்கூடிய இடம். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. எண்ணாயிரவர் கழுவேறிய நிகழ்ச்சியை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. கயிற்றில் ஐந்து மீட்டர் இடைவெளி. இந்தப் பாறை எழுத்தோ சம்பந்தருக்கும் முன்னால் எட்டு மீட்டருக்கு அப்பால். எந்தச் செய்தி எந்தக் காலத்து ஏட்டில் வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். மதுரை வட்டாரத்துச் சமணமலையில் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்தோடு தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன என்பதையும் சேர்க்கலாம். சமணம் இங்கே அதற்குப் பிறகும் இருந்திருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம் இந்தப் பாறை இல்லை.

விடை தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, கேட்டவரின் கேள்வியைக் கையேட்டில் அவர் கண்முன் எழுதிக்கொள்ளுங்கள். ஊகித்துச் சொன்னது நாலு பேர் வழியாகப் பரவி ஆறு மாதத்தில் உங்கள் பெயரோடு திரும்பி வரும்.

இறங்கும்போது

கல்லில் இன்னொரு வரி இருக்கிறது: 'வெள்அறை நிகமதோர்'. வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினர். அந்த ஊர் பக்கத்து வெள்ளரிப்பட்டிதான் என்ற கருத்தும் உண்டு. இதை மேலே சொல்லாதீர்கள். அந்த வரியின் கோட்டுப்படியை ஒரு தாளின் முன்பக்கமும், வேண்டிய எழுத்துகளின் அட்டவணையைப் பின்பக்கமும் அச்சிட்டு, ஆளுக்கொன்று கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். விடையைத் தாளில் போட வேண்டாம். ஒரு வாரம் கழித்து, யார் யார் எவ்வளவு படித்தார்கள் என்று கேட்டுவிட்டு விடையை அனுப்புங்கள். 'நிகம' வரை வந்து நின்றவர்களைத்தான் அடுத்த மலைக்கு முதலில் அழைக்க வேண்டும்.